சாவு வீட்டு வண்டியை மார்லீன் தட்டிய கதை

மார்லீன் டுட்ஸிக்கின் மூக்கு மூன்று தடவை உடைந்திருக்கிறது. முதல் தடவை உடைத்தது ஒரு கண்ணாடிக் கதவு. அது பாவம், தெரியாமல் செய்தது. மற்ற இரண்டு தடவையும் உடைத்தவர்கள் பழைய கார் விற்கிறவர்கள். அவர்கள் தெரிந்தேதான் செய்தார்கள்.

இரண்டாவது உடைப்பு நடந்தது அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குத் தெற்கே, கண்காட்சித் திடலில் ஜூன் மாதம் கூடுகிற பழைய கார் சந்தையில். சிவப்பு வண்டி ஒன்று. வயது ஐம்பதைத் தாண்டியும் மினுமினுவென்று நின்றது. வாங்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். யாரோ சொல்லி, துரு பார்க்க மார்லீனைக் கையோடு கூட்டி வந்திருந்தார். விற்கிறவன் தொப்பையைத் தடவிக்கொண்டே, "துருவா? மேடம், இந்த வண்டி மழையையே பாத்ததில்ல" என்றான்.

மார்லீன் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நழுவினாள். பின் ஆக்சிலுக்கு மேலே, வண்டியின் எலும்புக்கூடான சேஸ் வில் மாதிரி வளைந்து ஏறுகிற இடம் ஒன்று உண்டு. எந்த வண்டியும் முதலில் அங்கேதான் சாகும். அந்த இடத்தில் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். சுத்தியல் பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. அள்ளினால் இரண்டு கை நிறையும், அவ்வளவு துரு அவள் முகத்தில் கொட்டியது.

"சார்," என்று அடியிலிருந்து குரல் வந்தது, "மழையப் பாக்கலைன்னு சொன்னீங்க, சரி. ஏரிக்குள்ளயே குடியிருந்திருக்கே?"

அவன் அவளுடைய பூட்ஸைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தான். இழுத்த வேகத்தில் சைலென்சர் அவள் நெற்றியைக் கிழித்தது. எழுந்திருக்குமுன் மூக்கில் ஓர் உதை. மார்லீன் கையிலிருந்த சுத்தியலை அவன் கால் கட்டைவிரலில் இறக்கினாள். அன்றைக்குப் பார்த்து அவன் செருப்புப் போட்டு வந்திருந்தான். வாத்தியார் செக் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தின்பண்டக் கடைக்குப் பின்னால் போய் ஒளிந்தார். ரத்தம் சொட்டச் சொட்ட மார்லீன் அவரைத் தேடிப் போய், "வேண்டாம் சார், இந்த வண்டிய வாங்காதீங்க" என்றாள். அவர் அதை முன்னாலேயே முடிவு செய்திருந்தார்.

இதுதான் அவள் கோடைக்கால வேலை. குளிர்காலத்தில் நகரசபையின் உப்பு லாரி ஓட்டுகிறாள். ஏரியிலிருந்து பனி வந்து இடுப்பளவு கொட்டும். மார்லீன் விடியற்காலையில் பனியைத் தள்ளிவிட்டு, மிச்சப் பனி உருக ரோடு முழுக்க உப்பைத் தூவிக்கொண்டே போவாள். அந்த உப்புதான் ஊரிலுள்ள அத்தனை வண்டிகளின் எலும்பையும் தின்கிறது. ஆறு மாதம் விஷம் வைக்கிறாள், ஆறு மாதம் நாடி பிடித்துப் பார்க்கிறாள் என்று அவள் புருஷன் லென்னி சொல்வான். சொல்லிவிட்டு எட்டி உட்கார்ந்துகொள்வான், கைக்கு எட்டாத தூரத்தில்.

லாரி வேலைக்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு பட்டறையில் அழுகிய சேஸை வெட்டி எடுக்கிற வேலை பார்த்தவள். ஒழுங்காகச் செய்கிறவன் அழுகலை நல்ல இரும்பு தட்டுப்படும்வரை வெட்டி எறிவான், புதுத் தகட்டைச் சாய்வாக வெட்டிப் பொருத்துவான், தண்ணீர் வடிகிற ஓட்டைகளைத் திறந்தே விடுவான். திருடன் சீழ் வைத்த புண்ணுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டுகிற மாதிரி துருவுக்கு மேலேயே தகட்டை வைப்பான். உள்ளே காகிதத்தையும் நுரையையும் திணிப்பான், மேலே பட்டி பூசுவான், கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கறுப்புத் தார் அடிப்பான். ஐம்பது வயது வண்டியின் வயிறு நேற்றுப் பிறந்த மாதிரி கன்னங்கரேலென்று இருந்தால் மார்லீனுக்கு உள்ளங்கை அரிக்கும். நல்ல இரும்பு சுத்தியலுக்கு "டங்" என்று மரியாதையாகப் பதில் சொல்லும். பட்டி "தொப்" என்று முனகும். பதினோரு வருடம் கேட்ட காது.

அந்தக் காது ஒரே ஒரு தடவை வேலை செய்யவில்லை. ஏனென்றால் அவள் தட்டவே இல்லை.

அந்தப் பக்கத்துப் போலந்துக்காரர் வீடுகளில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. புருஷன் செத்த வீட்டில் அவன் வண்டியை விற்றால், வாங்கப் போகிறவன் சுத்தியலை எடுக்கக் கூடாது. சுற்றி வந்து பார்க்கலாம். "நல்ல மனுஷன்" என்று சொல்லலாம். ஆளைத் தெரியாவிட்டாலும் சொல்லலாம். அந்தம்மா வெட்டித் தருகிற இனிப்பு ரொட்டியைத் தின்றுவிட்டுக் கைகுலுக்க வேண்டும், அவ்வளவுதான். அடியில் படுத்துத் தட்டுவது சவப்பெட்டிக்குள் கிடக்கிறவனின் நெஞ்சில் தட்டுகிற மாதிரி. செத்தவன் அந்த வண்டியைக் குளிர்காலத்தில் வெளியே எடுத்திருக்க மாட்டான், போர்வை போர்த்திப் பிள்ளை மாதிரி வைத்திருப்பான் என்று ஊரே நம்பும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் லென்னி அப்படி ஒரு வண்டி வாங்கினான். அறுபத்தொன்பதாம் வருடத்துப் பச்சை வண்டி, இரண்டு கதவு. பதினேழு வயதிலிருந்து அதே வண்டியைக் கனவில் ஓட்டிக்கொண்டிருந்தவன். மார்லீன் சுத்தியலைத் தன் பிக்கப் வண்டியிலேயே வைத்துவிட்டு, விதவையம்மா தந்த ரொட்டியில் இரண்டு துண்டு தின்றாள். கைகுலுக்கினாள்.

ஒன்பது வாரம். அக்டோபர் மாதம் ஏரிக்கரை ரோட்டில் லென்னி முன்னால் போய்க்கொண்டிருந்தான், மார்லீன் பின்னால் பிக்கப்பில் வந்துகொண்டிருந்தாள். ஒரு சின்னப் பள்ளம். வெடி வெடித்த மாதிரிச் சத்தம். பச்சை வண்டி நடு முதுகில் மடிந்தது. பின்பாதி தரையில் உட்கார்ந்து தீப்பொறி கக்க, முன்பாதி மூக்கைத் தூக்கி, சாய்ந்து, மூன்று தடவை புரண்டு, தடுப்புக் கம்பியைப் பிய்த்துக்கொண்டு நின்றது. மார்லீன் ஓடிப்போய்க் கதவை வெறுங்கையால் பிய்த்தாள். உள்ளங்கை இரண்டும் கிழிந்தன. லென்னியின் இடது முழங்கால் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் அவளைப் பார்த்து, "ரேடியோ நல்லாத்தான் பாடிச்சு" என்று சொல்லிவிட்டு மயங்கினான்.

பிறகு அவள் பழைய இரும்புக் கடைக்குப் போய், அந்த வண்டியின் ஒடிந்த எலும்பை விரலால் பிய்த்துப் பார்த்தாள். தாருக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் செய்தித்தாள் உருண்டை. விரித்துத் தேதியைப் பார்த்தாள். அந்த வீட்டுப் புருஷன் செத்து இரண்டு வருடம் கழித்து வந்த செய்தித்தாள். செத்தவன் எழுந்து வந்து வெல்டிங் செய்யமாட்டான். யாரோ ஓர் ஆள் அழுகல் வண்டியை ஒட்டுப்போட்டு, விதவை வீட்டு வாசலில் நிறுத்தி, சுத்தியலுக்குப் பயமில்லாமல் விற்றிருக்கிறான். அந்தம்மா அதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு தெற்கே போய்விட்டாள்.

லென்னிக்குக் கால் விறைத்துப்போனது, கைத்தடி வந்தது. அதற்குப் பிறகு அவன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. இந்தக் காலத்து வண்டிக்கு இடது கால் தேவையே இல்லை. கிளட்ச் கிடையாது, வலது கால் போதும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. ஆறு வருடமாக டாக்டர் வீட்டுக்கு, தேவாலயத்துக்கு, தேவாலய மண்டபத்தில் போடுகிற வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு எல்லாம் அவள்தான் ஓட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடிக்கொள்வான். அந்தக் கண்மூடலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த இரண்டு துண்டு ரொட்டி தொண்டைக்கு வரும்.

இந்த மே மாதம் மீன் சாப்பாட்டுக்குப் போன இடத்தில் லென்னி அறிவிப்புப் பலகையிலிருந்து ஒரு துண்டுத்தாளைக் கிழித்துக்கொண்டு மேசைக்கு வந்தான். அதே வருடம். அதே பச்சை. விற்பவர், காலஞ்சென்ற ஹென்றி கூபியாக்கின் மனைவி ஐரீன்.

"வேணாம்" என்றாள் மார்லீன்.

"இது கிடைச்சா ஓட்டுவேன் மார்லி."

ஆறு வருடத்தில் அந்த வார்த்தையை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கையிலிருந்த மீன் துண்டு தட்டிலேயே விழுந்தது.

"வேற வண்டி ஓட்டேன். நம்ம பிக்கப் சும்மாதான நிக்குது."

"எதுல விழுந்தேனோ அதுலதான் எந்திரிப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், நீ அந்தம்மா வீட்டுல சுத்தியல எடுக்கக் கூடாது."

"லென்னி…"

"ஹென்றி கூபியாக் என் அப்பாவோட பெட்டியத் தூக்கின மனுஷன். நாலு பேருல ஒருத்தர். அவரு வாசல்ல போயி நீ தட்டுனேன்னு வையி, நான் வீட்டுக்கு நடந்தே போயிடுவேன்."

"நீயா? நடந்தா? அடுத்த மாசம் வந்து சேருவ."

"போடி உப்புமூட்டை."

ஆனாலும் அவள் போனாள். உண்மையைச் சொன்னால், அந்த வண்டி நல்லதாக இருக்க வேண்டும் என்று லென்னியைவிட அவள்தான் அதிகம் ஆசைப்பட்டாள். அது நல்ல இரும்பாக இருந்தால் அவன் ஓட்டுவான். அவன் ஓட்டினால் அவள் இரவில் தூங்குவாள்.

ஐரீன் கூபியாக் எண்பதை எட்டிய ஒல்லி மனுஷி. வாசலில் சின்ன மேசை போட்டு, அதில் கனத்த இரும்பு அச்சோடு இனிப்பு ரொட்டியை வைத்திருந்தாள். அவளுக்குத் தூரத்துச் சொந்தம் என்று டுவேன் என்பவன் நின்றிருந்தான். நாற்பது வயது, குளிப்பாட்டிய பன்றி நிறம், கழுத்துத் தெரியாத உடம்பு. அதிகமாகச் சிரித்தான்.

"நல்ல மனுஷன் உங்க வீட்டுக்காரர்" என்று லென்னி முறைப்படி ஆரம்பித்தான்.

"ஆமாப்பா" என்றாள் ஐரீன். வண்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

லென்னி கைத்தடியை ஊன்றி வண்டியைச் சுற்றினான். கூரையைத் தடவினான். அவன் முகத்தைப் பார்க்க மார்லீனுக்குத் தாங்கவில்லை. பல் விழுந்த பையன் மாதிரி இருந்தான். அவள் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தாள். காந்தம் சுத்தியல் இல்லை. சட்டத்தில் காந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சைலென்சர் தொங்குற மாதிரி இருக்கு, பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

வயிறு கன்னங்கரேல். புதுத் தார் வாசனை. அவள் வடிகால் ஓட்டைகளைத் தேடினாள், ஒன்றுகூட இல்லை. ஆக்சிலுக்கு மேல் வளைவில் காந்தத்தை வைத்தாள். "ஒட்டு, ஒட்டு" என்று வாய்க்குள் கெஞ்சினாள். காந்தம் வழுக்கி அவள் நெஞ்சில் விழுந்தது. இன்னொரு தடவை வைத்தாள். இன்னொரு தடவை விழுந்தது. நான்கு விரல் தள்ளி வைத்தாள். அங்கேயும் அதே கதை.

வெளியே வந்து பிக்கப்பிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்தாள். சேஸின் நடுவில் வைத்து ஏற்றினாள். நல்ல வண்டியாக இருந்தால் முழு உடம்பும் ஒன்றாக எழும்பும். இது முதுகை மட்டும் தூக்கியது. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி கீழே மூடி, மேலே வாயைப் பிளந்தது.

"மேடம், சைலென்சர் பாக்க ஜாக்கி எதுக்கு?" என்று டுவேன் சிரித்தான். இந்தத் தடவை பல் மட்டும்தான் சிரித்தது.

"லென்னி," என்றாள் மார்லீன், "ஒரே ஒரு தட்டு."

"முடியாது."

"இது அழுகல்டா."

"ஹென்றி வாசல் இது! ரொட்டி வெட்டியாச்சு, மார்லி! இது ஒண்ணுதான் கேட்டேன். ஆறு வருஷத்துல இது ஒண்ணுதான்."

அவள் அவனைப் பார்த்தாள். நடந்தே போய்விடுவான் என்பதும் தெரியும், இனி வண்டி என்ற பேச்சையே எடுக்கமாட்டான் என்பதும் தெரியும். பிக்கப்பின் பின்பக்கத்திலிருந்து சுத்தியலை எடுத்து வந்து, படுக்காமல், மண்டியிட்டு, பக்கவாட்டிலேயே ஓங்கி அடித்தாள்.

டங் வரவில்லை. தொப்பும் வரவில்லை. தகர டப்பாவை மிதித்த சத்தம் வந்தது. தார் பெயர்ந்தது. இரண்டாவது அடியில் ரிவிட்டுகள் பட்டாணி மாதிரித் தெறித்தன. மூன்றாவது அடியில் ஒரு முழத் தகடு வளைந்து தொங்க, உள்ளிருந்து மஞ்சள் நுரையும் துருத் தூளும் புல்லில் கொட்டின. ஜாக்கி மேலிருந்த வண்டி முனகிக்கொண்டு, நடு முதுகு ஒடிந்து இரண்டு பக்கமும் தொய்ந்தது.

மார்லீன் அந்தத் தகட்டைப் பிடித்துப் பிடுங்கினாள். அலுமினியம். அதனால்தான் காந்தம் ஒட்டவில்லை. திருப்பினாள். உள்பக்கத்தில், "பனிக்காலத்தில் இங்கே வண்டி நிறுத்தாதே" என்கிற நகரசபைப் பலகையின் பாதி. தார் உரிந்த முதுகில் கறுப்பு மையில் கோணல் எழுத்து: அவள் பெயரின் முதலெழுத்துகள், போன வருடம் நவம்பர். பலகை நடுகிறவர்கள் முதுகில் இப்படி எழுதிவைப்பது நகரசபை வழக்கம். அவள் கையால் நட்டது. டிசம்பரில் திருட்டுப் போனது. கூபியாக் செத்ததோ நான்கு வருடத்துக்கு முன்னால்.

"நீ என் பலகையையா திருடின?" என்றாள். அழுகலைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்த மாதிரி இருந்தது.

டுவேன் ஜாக்கிக் கம்பியை உருவி வீசினான். மார்லீன் வலது கையால் தடுத்தாள். விறகு முறிகிற சத்தம். சுத்தியல் புல்லில் விழுந்தது. அடுத்த வீச்சு அவள் தோளில். அவள் இடது கையால் அவன் காதைப் பிடித்துத் திருகி, அந்தத் தலையை வண்டியின் கதவில் மோதினாள். கதவு உள்வாங்கியது, அதுவும் பாதி பட்டிதான் போலிருக்கிறது. அவன் முழங்காலால் அவள் வயிற்றில் இடித்து, மூக்கில் ஒரு குத்துவிட்டான். மூன்றாவது உடைப்பு. அவள் மல்லாந்தாள்.

அப்போது டுவேனின் முழங்காலுக்குப் பின்னால் கைத்தடி இறங்கியது. "அவள விடுடா நாயே!" லென்னி. அடித்த வேகத்தில் சமநிலை தவறி அவனும் விழுந்தான். விழுந்தவன் டுவேனின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கெண்டைக்காலைக் கடித்தான். டுவேன் அலறினான். கம்பியைத் தலைக்கு மேல் ஓங்கினான், லென்னியின் மண்டைக்கு நேராக.

அந்தக் கம்பி இறங்கவில்லை. ஐரீன் கூபியாக் ரொட்டியோடு இரும்பு அச்சை இரண்டு கையாலும் தூக்கி அவன் பிடரியில் போட்டாள். டுவேன் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தான். தலையெல்லாம் வெண்ணெயும் சர்க்கரைத் துகளும்.

கொஞ்ச நேரம் எல்லோரும் மூச்சு வாங்கினார்கள்.

"ஹென்றிக்குக் காரே ஓட்டத் தெரியாது" என்றாள் ஐரீன். "வாழ்நாள் முழுக்க பஸ்ஸுலதான் போனாரு. வண்டிய உங்க வாசல்ல நிறுத்திக்கறேன் அத்தை, உங்க கூரைய மாத்தித் தர்றேன்னு இவன் சொன்னான். கூரை ஒழுகுது. ஆனா ஆளக் கொல்லுற வண்டின்னு தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருக்கணும்" என்றான் லென்னி புல்லில் கிடந்தபடியே. பிறகு, "ரொட்டி வீணாப் போச்சு" என்றான்.

ஐரீன் போலீசைக் கூப்பிட உள்ளே போனாள். மார்லீன் எழுந்து உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே புதிதாக ஒரு மடக்கு வந்திருந்தது. முகம் வெளுத்து வியர்த்தது.

"நடந்து போறேன்னியே" என்றாள். "போ."

லென்னி கைத்தடியைத் தேடி, ஊன்றி, மூன்று முயற்சியில் எழுந்தான். கிழிந்து தொங்கிய சேஸுக்குள் எட்டிப் பார்த்தான். நுரையை விரலால் குத்தினான், விரல் முழுசாக உள்ளே போனது. பிறகு அவள் பக்கத்தில் வந்து, குனிந்து, அவள் சட்டைப்பையில் கையை விட்டான்.

"என்னடா பண்ற?"

"சாவி."

"ஆம்புலன்ஸ் வரும்."

"அவன் வர்றதுக்குள்ள உன் கை வேற கோணத்துல கூடிடும். எந்திரி."

அவளை ஏற்றிக் கதவைச் சாத்தினான். சுற்றி வந்து ஓட்டுகிற பக்கம் ஏறினான். ஏற அவ்வளவு நேரம் ஆயிற்று, அதற்குள் அவள் இரண்டு தடவை கண் செருகி விழித்தாள். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்த கைகள் துணி காயப்போட்ட கொடி மாதிரி ஆடின. பிக்கப் பின்னால் நகர்ந்து ஐரீனின் தபால் பெட்டியைச் சாய்த்தது. பிறகு முன்னால் போயிற்று.

அவன் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தான். டுவேனை, நகரசபையை, பள்ளங்களை, ஒழுகுகிற கூரைகளை, உப்பை. முதல் சிக்னலில் வண்டியை நடு ரோட்டில் நிறுத்தினான். பின்னால் ஒருத்தன் ஹாரன் அடிக்க, தலையை வெளியே நீட்டி, "ஆறு வருஷம் காத்தாச்சு, ஆறு நிமிஷம் நீ காத்தா செத்தாடா போயிடுவ?" என்று கத்தினான். அடுத்த சிக்னலில் சரியாக நிறுத்தினான். அதற்கடுத்த தெருவில் கைகளின் ஆட்டம் நின்றிருந்தது. முன் கண்ணாடி வழியாக மே மாத வெயில் அவன் தொடையில் விழுந்து கிடந்தது.

மார்லீன் உடைந்த கையை வயிற்றோடு அணைத்து, ரத்தம் வழிகிற மூக்கால் மூச்சுவிட முடியாமல், அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"லென்னி."

"ம்."

"ஆஸ்பத்திரி தாண்டிப் போச்சு."

"தெரியும்."

"கை ஒடைஞ்சிருக்குடா."

"ரொம்ப வலிக்குதா?"

அவள் யோசித்தாள்.

"வலிக்குது" என்றாள். "சரி, போ. ஒரு சுத்துதான்."